பெயர் மாறினால் பொறுப்பாளியும் மாறுவார்: அரசியல் சொற்களும் முத்திரைகளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமைச்சரின் பதில், காவல்துறையின் செய்திக்குறிப்பு, மேடைப் பேச்சு, வாட்ஸ்அப் தகவல் எல்லாவற்றிலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எப்படிப் படிப்பது, அவற்றுக்குப் பின்னால் பதில் சொல்ல வேண்டியவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாசகர்கள் கேட்பவற்றுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்தும் இந்திய ஒன்றியத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை.

நடந்தது நடந்ததுதானே, அதை எந்தப் பெயரில் சொன்னால் என்ன?

நடந்தது மாறாது. அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிடும்.

ஊர்த் திருவிழாவில் பட்டியல் சாதி இளைஞர்களைத் தாக்கி, வீடுகளை உடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் செய்தியில் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று வருகிறது. இந்தச் சொல் வந்த கணமே அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும், இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குவார்கள், இரண்டு பக்கமும் வழக்குப் பதிவாகும். அடிபட்டவர்கள் தங்கள் மேல் உள்ள வழக்கிலிருந்து மீள்வதற்காகச் சமரசத்துக்கு இறங்கி வருவார்கள்.

அதே சம்பவம் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவானால் கதையே வேறு. விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். 18-வது பிரிவுப்படி முன்ஜாமீனுக்குத் தடை உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணத் தொகை எஃப்.ஐ.ஆர். கட்டத்திலிருந்தே தவணைகளாக வர வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது 4-வது பிரிவு. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்குப் போகலாம். "மோதல்" என்று எழுதினால் இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேச வேண்டியதே இல்லை. ஆகவே இப்படி ஒரு செய்தியைப் படித்தால் முதலில் தேட வேண்டியது எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவுகளை. தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று அரசு சொல்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் சாகிற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எது உண்மை?

இரண்டுமே அரசின் ஆவணங்களில் இருக்கின்றன; இரண்டும் வெவ்வேறு கணக்குகளில் இருக்கின்றன.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வரையறுக்கிறது. ஒன்று, சுகாதாரமற்ற கழிப்பிடம், திறந்த வடிகால், குழி போன்றவற்றிலிருந்து மனிதக் கழிவைக் கையால் அகற்றும் தொழிலாளி. இன்னொன்று, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் உரிய பாதுகாப்பு இல்லாமல் சுத்தம் செய்யும் "அபாயகரமான சுத்திகரிப்பு". குழாய்க்குள் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர் இரண்டாவது கணக்கில் சேர்க்கப்படுகிறார். அதனால்தான் 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கையால் மலம் அள்ளுவதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று அமைச்சரால் பதில் சொல்ல முடிந்தது. சாக்கடை மரணங்களை அதே அமைச்சகம் தனியாக எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

சட்டத்தின் விளக்கப் பகுதியில் இன்னொரு வாசலும் இருக்கிறது. அரசு அறிவித்த கருவியோடும் பாதுகாப்புக் கவசத்தோடும் வேலை செய்பவர் அந்த வரையறைக்குள்ளேயே வரமாட்டார். கையுறை வாங்கியதாக ஒப்பந்ததாரரிடம் ரசீது இருந்தால் போதும் என்ற நிலைமை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை எதிர்கொள்ள வேண்டிய இடம் 7-வது, 9-வது பிரிவுகள். அபாயகரமான சுத்திகரிப்புக்கு ஆளை இறக்குவதே குற்றம்; முதல் முறை இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014-ல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எனவே "இது அந்தத் தொழில் இல்லை" என்று ஓர் அதிகாரி சொன்னால், வாதிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். "சரி, அபாயகரமான சுத்திகரிப்பு என்கிறீர்கள். 9-வது பிரிவில் வழக்கு எண் என்ன, 30 லட்சத்துக்கான ஆணை எந்தத் தேதியில் போடப்பட்டது?" என்று அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

கோவிட் இரண்டாம் அலையில் ஆக்ஸிஜன் இல்லாமல் யாரும் இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்களே, அது பொய்யா?

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் தரப்பட்ட பதிலின் சாரம் இது: பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது; மாநிலங்கள் தரும் எண்ணிக்கையை ஒன்றிய அரசு தொகுக்கிறது; ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை. "யாரும் இறக்கவில்லை" என்று அந்தப் பதிலில் எங்குமே இல்லை. தலைப்புகள்தான் அப்படிச் சுருக்கின. பதிலைத் தயாரித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

மாநிலங்கள் ஏன் தெரிவிக்கவில்லை? மருத்துவமனையில் நடக்கும் மரணத்துக்கு மருத்துவர் நிரப்பும் படிவம் 4-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், மரணத்துக்குத் துணைநின்ற பிற நிலைமைகள் என்று கட்டங்கள் இருக்கும். நோயையோ காயத்தையோ சிக்கலையோ எழுதச் சொல்கிறது படிவம். சிலிண்டர் வரவில்லை, தொட்டியில் அழுத்தம் குறைந்தது என்று எழுத அதில் கட்டமே கிடையாது. கோவிட் நிமோனியா என்று மருத்துவர் எழுதினால் அது சரியான பதிவுதான். மாவட்டம் அதைக் கூட்டி அனுப்பும், மாநிலம் கூட்டி அனுப்பும். டெல்லியில் யாராவது "ஆக்ஸிஜன்" என்று தேடினால் கிடைப்பது பூஜ்ஜியம்.

இங்கே இரண்டு அரசுகளும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டன. கட்டம் இல்லாத படிவத்தில் விடை தேடினால் விடை வராது. குறிப்பிட்ட இரவில் மருத்துவமனை கொடுத்த ஆக்ஸிஜன் கோரிக்கைக் கடிதங்கள், டேங்கர் வந்து சேர்ந்த நேரம், தொட்டியின் அழுத்தப் பதிவேடு, அந்த மணி நேரங்களில் வார்டில் பதிவான மரணங்கள் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

போராட்டத்தில் "சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்" என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் கேட்க வேண்டும். யார் அவர்கள், எத்தனை பேர், எந்த வழக்கில் கைது, குற்றப்பத்திரிகையில் பெயர் இருக்கிறதா?

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான பேரணியை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் காவல்துறை நடவடிக்கையிலும் 13 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் பொது விவாதத்தை ஆக்கிரமித்த சொல் "சமூக விரோதிகள்". ஆட்சியாளர்கள் சொன்னார்கள், திரைப் பிரபலம் சொன்னார், தொலைக்காட்சி விவாதங்கள் அதன்மேல் நடந்தன. அந்த நாட்களில் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் வேறு: சுடச் சொன்னது யார்? எழுத்தில் உத்தரவு இருந்ததா? முதலில் கண்ணீர்ப் புகை, தடியடி, எச்சரிக்கை என்ற வரிசை பின்பற்றப்பட்டதா? எத்தனை தோட்டாக்கள், எந்தத் துப்பாக்கியிலிருந்து? கூட்டத்துக்குள் யார் இருந்தார் என்று பேசிக்கொண்டிருந்தவரை, கூட்டத்துக்கு எதிரே நின்றவர்களைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

இந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோதுதான் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்ற பரிந்துரை அதிகாரப்பூர்வமாகப் பொதுவெளிக்கு வந்தது. இடையில் ஓடியது நான்கு ஆண்டுகளுக்கும் மேல். ஒரு சொல் வாங்கிக் கொடுக்கும் அவகாசம் எவ்வளவு என்று இதில் தெரிகிறது.

"தேச விரோதி", "லவ் ஜிகாத்", "துக்டே துக்டே கும்பல்" இவற்றுக்குச் சட்டத்தில் பொருள் உண்டா?

கிடையாது. இதை அரசே சொல்லியிருக்கிறது. முஸ்லிம் ஆண்கள் மதம் மாற்றுவதற்காகவே காதலிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டும் லவ் ஜிகாத் என்ற சொல் நடைமுறையில் உள்ள சட்டங்களில் வரையறுக்கப்படவில்லை என்று உள்துறை இணையமைச்சர் 2020 பிப்ரவரியில் மக்களவையில் தெரிவித்தார். துக்டே துக்டே கும்பல் (நாட்டைத் துண்டாட நினைப்பவர்கள் என்ற வசை) பற்றித் தன்னிடம் தகவல் எதுவும் இல்லை என்று அதே ஆண்டு ஜனவரியில் தகவல் உரிமை மனுவுக்கு உள்துறை பதில் அளித்தது. தேச விரோதி என்பதற்குச் சட்டங்களில் வரையறை இல்லை என்று 2021 டிசம்பரில் மக்களவையில் பதில் வந்தது. அந்தப் பதிலிலேயே ஒரு பழைய செய்தியும் இருந்தது: நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் அரசியலமைப்பில் 31-டி என்ற பிரிவைச் சேர்த்து தேச விரோதச் செயல் என்பதை வரையறுத்தது. அடுத்து வந்த ஆட்சி 43-வது திருத்தத்தின் வழியாக அதை நீக்கியது.

ஆனால் "சட்டத்தில் இல்லை, எனவே தீங்கில்லை" என்று நினைத்துவிடக் கூடாது. மேடையில் விழும் முத்திரை, பிறகு சட்டத்தில் உள்ள வேறு சொல்லுக்கு வழி அமைத்துக் கொடுக்கும். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவில் வழக்கு வந்தால் 43-டி(5) பிரிவு காரணமாக ஜாமீன் கிடைப்பதே அரிது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அமைப்பை மட்டுமன்றித் தனிநபரையும் பயங்கரவாதி என்று அறிவிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு செய்வது பற்றிய 152-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை இருக்கிறது. மேடையில் முத்திரை குத்தியவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தச் செயல்?

இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டும் இல்லை. "இனத் துரோகி", "சங்கி", "கைக்கூலி" என்ற சொற்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒருவர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லாமல், கேள்வி கேட்டவரைப் பற்றிய பேச்சாக அதை மாற்றிவிடுகின்றன.

"தப்பி ஓட முயன்றபோது சுட்டோம்", "கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தது" என்ற செய்திகளில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், என்கவுண்டர் என்பது காவல்துறையின் விவரிப்பு. அது நிரூபிக்கப்பட்ட உண்மை ஆகிவிடாது. உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், இத்தகைய மரணங்களுக்கு 16 வழிமுறைகளை விதித்தது. அவற்றில் பொதுமக்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும்; சி.பி.சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு, மூத்த அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும்; நடுவர் விசாரணை நடக்க வேண்டும்; இறந்தவரின் உறவினருக்குத் தகவல் தர வேண்டும்; வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகும்வரை உடனடிப் பதவி உயர்வோ வீரப் பரிசோ தரக் கூடாது. மறுநாளே ரொக்கப் பரிசு அறிவிக்கிறார்கள் என்றால் வழிமுறை மீறப்படுகிறது என்று தயங்காமல் எழுதலாம்.

வழுக்கி விழுந்த செய்திகளில், மாவுக்கட்டோடு எடுத்த புகைப்படம் காவல் நிலையத்திலிருந்தே பத்திரிகைகளுக்கு வருவது வழக்கம். பலர் அதைப் பார்த்துக் கைதட்டவும் செய்கிறார்கள். கேட்க வேண்டியவை இவை: கைது செய்யப்பட்ட நேரம் எது, காயம் பட்ட நேரம் எது, ரிமாண்டுக்கு முன் மருத்துவர் கொடுத்த காயக் குறிப்பு என்ன சொல்கிறது, நடுவர் முன் ஆஜரானபோது அந்த நபரிடம் காயம் பற்றிக் கேட்கப்பட்டதா? காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "உடல்நலக் குறைவு" என்ற சொல் அந்தக் கடமையை ரத்து செய்யாது.

வீடுகளை இடித்துவிட்டு "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்கிறார்களே?

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடத்தை இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, நேரில் விளக்கம் கேட்பது, காரணத்தோடு கூடிய ஆணை என்று நெறிமுறைகள் வகுத்தது. அதே தீர்ப்பு சாலை, நடைபாதை, ரயில்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் சொல்கிறது.

ஆகவே "நீர்நிலை ஆக்கிரமிப்பு" என்று பெயர் விழுந்த வீட்டுக்கு அந்த 15 நாள் கிடையாது. அந்தப் பெயர் சரியா என்பதை வருவாய்த்துறை ஆவணம்தான் தீர்மானிக்க வேண்டும். ஊரின் நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு இருக்கிறது, புல வரைபடத்தில் எல்லை எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது எல்லாம் அரசே கொடுத்திருந்தால், அவற்றைக் கொடுத்த அதிகாரிகளின் பொறுப்பு என்ன என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். குடியிருப்பவரை மட்டும் "ஆக்கிரமிப்பாளர்" என்று அழைக்கும்போது அந்த அதிகாரிகள் காட்சியிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள்.

இலவசமா, விலையில்லாப் பொருளா, நலத்திட்டமா, உரிமைத் தொகையா? எது சரியான சொல்?

சொல்லை விட்டுவிட்டுச் செலவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மடிக்கணினி என்று வாக்குறுதிகள் வந்தன. இவை தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. தேர்தல் ஆணையம் வழிகாட்டுதல் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன்பிறகு நடத்தை விதிகளில், வாக்குறுதியின் நியாயத்தையும் நிதிக்கான வழியையும் கட்சிகள் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இடம்பெற்றது. அதை எந்தக் கட்சி எத்தனை வரியில் நிறைவேற்றுகிறது என்பதைத் தேர்தல் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் நீங்களே பார்க்கலாம்.

ஏழைக்குப் போனால் "இலவசம்", நிறுவனத்துக்குப் போனால் "ஊக்கச் சலுகை" என்ற வழக்கம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஒன்றிய பட்ஜெட்டில் வரிச் சலுகைகளால் அரசு இழக்கும் தொகையைக் காட்டும் அறிக்கை, விட்டுக்கொடுத்த வருவாய் என்ற பொருள்தரும் தலைப்பில் வந்துகொண்டிருந்தது. பிறகு அது வரிச் சலுகைகளின் வருவாய் விளைவு என்ற பொருளுக்கு மாறியது. விட்டுக்கொடுத்தது என்றால் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். விளைவு என்றால் தோன்றாது.

எதிர்ப்பக்கத்திலும் கவனம் தேவை. பெயரில் "உரிமை" இருந்தால் சட்ட உரிமை ஆகிவிடாது. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயோடு தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட் போன்ற வரம்புகள் அதில் இருந்தன. இது அரசாணையின் வழியாக வந்த திட்டம். உணவுப் பாதுகாப்பு உரிமைக்கு 2013-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. தானியம் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணமாகப் படித்தொகை தர வேண்டும் என்று அதன் 8-வது பிரிவு சொல்கிறது. திட்டத்தை நிறுத்தினால் எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள். உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

எதிர்க்கட்சிகள் சொல்லும் சொற்கள் மட்டும் சரியாகவா இருக்கின்றன?

இல்லை. "பெருமுதலாளிகளின் கடன் தள்ளுபடி" என்பது நல்ல எடுத்துக்காட்டு. விவசாயக் கடன் தள்ளுபடியில் கடனாளி இனிக் கட்ட வேண்டியதில்லை. வங்கிகள் வாராக்கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கும்போது கடன் அப்படியே இருக்கும். வசூல் நடவடிக்கை தொடர வேண்டும். தமிழில் இரண்டையும் தள்ளுபடி என்றே எழுதுவதால் அமைச்சர் எளிதாகத் தப்பிவிடுகிறார். "தள்ளுபடியே செய்யவில்லை" என்று அவர் சொல்வது உண்மையாகிவிடுகிறது. "நீக்கிய தொகையில் ஆண்டுவாரியாக எவ்வளவு வசூலானது?" என்று கேட்டிருந்தால் அவர் எண் சொல்லியாக வேண்டும். தவறான சொல்லில் வைக்கும் குற்றச்சாட்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் உதவும்.

"ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில்களுக்குப் பொருள் உண்டா?

உண்டு. பலருக்கும் தெரியாத ஆயுதம் இதில் இருக்கிறது. இந்த வாக்கியங்களில் எழுவாய் இல்லை, தேதி இல்லை. யார் செய்வார், எப்போது செய்வார் என்பது கிடையாது. ஆனால் நாடாளுமன்ற நடைமுறையில், "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" போன்ற தொடர்கள் அரசின் உறுதிமொழியாகவே கணக்கிடப்படும். அவற்றைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வரும்.

உங்கள் ஊர்ப் பாலத்துக்கு "ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர் சொல்லியிருந்தால், அந்த நாளின் அவைக் குறிப்பை எடுத்து, குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது மனுவோடு கொடுங்கள். பாலம் வேண்டும் என்று புதிதாகக் கேட்காதீர்கள். அவையில் தந்த உறுதிமொழியின் நிலை என்ன என்று கேளுங்கள்.

விசாரணை ஆணையம் அமைத்தாலே பொறுப்பு உறுதியானதாக எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அமையும் ஆணையம் பரிந்துரைதான் தரும், தண்டிக்காது. ஆனால் 3(4) பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அதைப் பேரவையில் வைக்க வேண்டும். அறிவிப்பு வந்த நாளைவிட அறிக்கை தந்த நாள்தான் முக்கியம். அங்கிருந்து ஆறு மாதத்தை எண்ணுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்டால் சொல் விளையாட்டில் சிக்காமல் பதில் கிடைக்கும்?

மனு தோற்பதற்கு முதல் காரணம், அரசு மறுக்கும் அதே முத்திரையை மனுவில் எழுதுவது. "ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் இறந்தோர் எத்தனை பேர்?" என்றால் "அப்படி எவரும் இல்லை". "காவல்துறை அராஜகத்துக்கு யார் பொறுப்பு?" என்றால் "இது தகவல் அல்ல". சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் தகவல் என்பது ஏற்கெனவே இருக்கும் ஆவணம், பதிவேடு, கடிதம், ஆணை, மின்னஞ்சல், குறிப்பு போன்றவை. ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு அதிகாரி விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை.

எனவே சம்பவத்தைத் தேதி, நேரம், இடம் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நாளில் அந்த அலுவலகம் எழுதியே ஆக வேண்டிய காகிதங்கள் எவை என்று யோசியுங்கள். துப்பாக்கிச் சூடு என்றால் ஆயுத வழங்கல் பதிவேடு, தோட்டாக் கணக்கு, பொது நாட்குறிப்பு. இடிப்பு என்றால் முன்னறிவிப்பு நகல், அது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதற்கான ஒப்புகை, ஆணை, பொக்லைன் வாடகைக்கான செலவுச் சீட்டு. செலவுச் சீட்டை யாரும் மறைக்க நினைப்பதில்லை. அதில் தேதியும் உத்தரவிட்டவர் பெயரும் இருக்கும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சார்ந்ததென்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் அல்லது மழுப்பினால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. தவறிய அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

"விசாரணை நடப்பதால் தர இயலாது" என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது. தகவல் தருவது விசாரணைக்கு எப்படித் தடையாகும் என்று அவர்கள் காட்ட வேண்டும். மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை விடாமல் எழுதுங்கள்.

அப்படியானால் பெயர் சூட்டுவதே கெட்டதா?

பெயர் இல்லாமல் பொறுப்பும் இல்லை. முன்பணம் வாங்கிய கூலி என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான கணக்கு. கொத்தடிமை என்று பெயரிட்டு 1976-ல் சட்டம் வந்தபிறகு, அடையாளம் கண்டு விடுவித்து விடுதலைச் சான்று தர வேண்டிய கடமை வருவாய் நிர்வாகத்துக்கு வந்தது. பெண்களைத் துன்புறுத்துவதை ஈவ் டீசிங் என்று விளையாட்டுபோல அழைத்தார்கள். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே அந்தப் பெயர்தான் இருந்தது. 2002-ல் அது பெண்கள் மீதான துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்று திருத்தப்பட்டது. நல்ல பெயர் செய்தவரையும் செயலையும் காட்டும்.

அவைக் குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களைப் பத்திரிகையில் எழுதலாமா?

நீக்கிய பகுதியை வெளியிடுவது உரிமை மீறலாகக் கருதப்படலாம். பீகார் சட்டமன்றத்தில் நீக்கிய பேச்சை வெளியிட்ட சர்ச்லைட் நாளிதழ் தொடர்பான 1958-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தே இது பேசப்பட்டு வருகிறது. ஆனால் என்ன பொருளில், யார் பேசியபோது, எந்தக் குற்றச்சாட்டை ஒட்டி நீக்கப்பட்டது என்று எழுதலாம். பெரும்பாலும் சொல்லோடு சேர்ந்து எண்களும் போய்விடுகின்றன. அந்த எண்களை வேறு ஆவணத்திலிருந்து எடுத்து எழுதுவதை யாராலும் தடுக்க முடியாது.

பொதுக் கூட்டத்தில் என் மேலேயே முத்திரை குத்தினால் என்ன செய்வது?

"நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று தொடங்கினால் மீதி நேரம் முழுக்க உங்களைப் பற்றியே பேச்சு ஓடும். முத்திரையை ஒரு வரியில் கடந்துவிட்டு, கேட்ட கேள்வியை அதே சொற்களில், அதே குரலில் திரும்பக் கேளுங்கள். மூன்றாவது முறையும் விடை வரவில்லை என்றால், விடை வரவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். முத்திரை எழுத்தில் வந்து, வேலைக்கோ பாதுகாப்புக்கோ ஊறு விளைவித்தால், தேதியோடு திரைப்பதிவு எடுத்து வைத்து வழக்கறிஞரைப் பாருங்கள். அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு இருக்கிறது.

கிராம சபையில் தீர்மானம் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். அவற்றின் தீர்மானப் புத்தகத்தில் அதிகம் தென்படுவது "குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற வகை வாக்கியம். அடுத்த கூட்டத்தில் இதை வைத்து யாரையும் கேட்க முடியாது. "வடக்குத் தெருவில் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுதால் தண்ணீர் வரவில்லை, ஊராட்சிச் செயலர் எந்தத் தேதிக்குள் பழுது நீக்கி, செலவுச் சீட்டை அடுத்த கூட்டத்தில் வைப்பார்" என்று பெயர், வேலை, தேதி, காகிதம் நான்கும் வரும்படி எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் தொடங்கும்போதே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அங்கே என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, எழுதி முடித்தபின் வருவதாகச் சொல்லி உட்கார்ந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி தயாராக இருக்கும்.